பரீட்சைக்கு எழுதுற மாதிரியா, நெஜமாவா?

"டீச்சர், பரீட்சைக்கு எழுதுற மாதிரி எழுதணுமா, இல்ல நெஜமா என்ன நடக்கும்னு எழுதணுமா?"

போன வாரம் பத்தாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று இப்படிக் கேட்டான். கிண்டலுக்குக் கேட்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்று உண்மையிலேயே நம்பிக் கேட்டான். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு வயிறு எரிகிறது, இன்றுவரை ஆறவில்லை.

நடந்தது இதுதான். இயக்க விதிகள், ஒளியியல், வெப்பம், மின்னோட்டம் என்று நான்கு பாடமும் முடித்தாகிவிட்டது. அலகுத் தேர்வு வைத்தாயிற்று, மார்க்கும் நன்றாகத்தான் வந்திருந்தது. நியூட்டனின் மூன்று விதிகளையும் காற்புள்ளி மாறாமல் எழுதுகிறார்கள். சரி, உள்ளே என்னதான் இறங்கியிருக்கிறது பார்ப்போம் என்று பத்து கேள்வி தயார் செய்தேன். வரையறு கிடையாது, கூறுக கிடையாது, சூத்திரம் கிடையாது, கணக்கும் கிடையாது. என்ன நடக்கும், ஏன் நடக்கும், அவ்வளவுதான்.

முதல் கேள்விக்குக் கையிலிருந்த சாக்பீஸை மேலே தூக்கிப் போட்டுக் காட்டினேன். கையை விட்டுப் போன பிறகு அது மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மீது என்னென்ன விசை செயல்படுகிறது, அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். காற்றின் தடையை விட்டுவிடலாம். 42 பேரில் 5 பேர்தான் புவியீர்ப்பு விசைக்காகக் கீழ்நோக்கி ஒரே ஒரு அம்பு போட்டார்கள். மற்ற எல்லாருடைய தாளிலும் மேல்நோக்கி ஒரு பெரிய அம்பு. மேலே போகிறதே, அப்படியானால் மேலே தள்ளும் விசை ஒன்று இருந்தாக வேண்டுமாம். முதல் விதியை முந்தின வாரம் ஒப்பித்த அதே பிள்ளைகள்தான். இயங்கிக்கொண்டிருக்கும் பொருள் தொடர்ந்து இயங்க விசை தேவையில்லை என்பதுதானே அந்த விதியின் உயிர்! உயிரை விட்டுவிட்டு உடம்பை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

அடுத்தது லாரியும் சைக்கிளும். நேருக்கு நேர் மோதினால் யார் மேல் அதிக விசை? சைக்கிள் மேல்தான் என்று வகுப்பே கூவியது. மூன்றாம் விதி என்னடா என்றேன். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர் விசை உண்டு என்று கோரஸாகச் சொன்னார்கள். அப்படியானால் லாரி மேலும் அதே அளவு விசைதானே என்றால், முகத்தில் ஈயாடவில்லை. விசை சமம்தான், நிறை குறைந்த சைக்கிளின் முடுக்கம் அதிகம், அதனால்தான் அது தூக்கி வீசப்படுகிறது என்று விளக்க ஒரு பீரியட் முழுக்க ஆனது. அதில் எனக்கு வருத்தமில்லை, அந்த ஒரு பீரியட்தான் இந்த வருடத்திலேயே நான் உருப்படியாகப் பாடம் நடத்திய பீரியட்.

தொடராக இணைத்த ஒரே மாதிரியான இரண்டு பல்பில் எது அதிகமாக எரியும்? முதல் பல்புதான், கரண்ட் முதலில் அதற்குத்தானே போகிறது, பாதியைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் அடுத்ததற்கு விடும். தொடரிணைப்பில் இரண்டு பல்பிலும் ஒரே கரண்ட்தான், இரண்டும் ஒரே அளவில்தான் எரியும். அந்தத் தவறான விடையை எழுதிய பெண் ஓம் விதிக் கணக்கில் ஒரு மார்க்கைக்கூட விட்டதில்லை. ராத்திரி முழுக்க ஒரே அறையில் கிடந்த எவர்சில்வர் தட்டு, மரப்பலகை, எதன் வெப்பநிலை குறைவு? தட்டு. தொட்டால் ஜில்லென்று இருக்கிறதே! தட்டு கையிலிருந்து வெப்பத்தை வேகமாகக் கடத்திக்கொண்டு போகிறது, பலகை மெதுவாகக் கடத்துகிறது, மற்றபடி இரண்டும் அறையின் வெப்பநிலையில்தான் இருக்கின்றன. வெப்பக் கடத்தல் என்ற வார்த்தை தெரியாத பிள்ளை அந்த வகுப்பில் ஒன்றுகூட இல்லை.

பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இந்தத் தவறான எண்ணங்கள் இவர்களுக்கு மட்டும் உரியவையும் அல்ல. மேலே போகிறது என்றால் தள்ளுகிற விசை வேண்டும் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து மனித மூளை நம்பிக்கொண்டு வந்திருக்கிறது. கலிலியோவும் நியூட்டனும் அதோடு மல்லுக்கட்டித்தான் வெளியே வந்தார்கள். 1985-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஹெஸ்டனிஸ் என்ற பேராசிரியரும் அவரோடு இருந்த ஹல்லூனும் விசையைப் பற்றி இதே மாதிரி கேள்விகளை வைத்து ஒரு தேர்வை வெளியிட்டார்கள். கணக்கே இல்லாத, வெறும் கருத்துக் கேள்விகள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த எரிக் மசூர், நம் மாணவர்களுக்கு இதெல்லாம் தூசு என்ற நம்பிக்கையோடு அதைத் தன் வகுப்பில் வைத்தார். அங்கே ஒரு மாணவி என்ன கேட்டாள் தெரியுமா? நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாள். அப்படியே என் வகுப்புப் பையனின் கேள்வி. ஹார்வர்டிலும் அதே ஓட்டை, எங்கள் ஊரிலும் அதே ஓட்டை.

ஆனால் அந்த மாணவியின் கேள்வியைக் காதில் வாங்கிய மசூர், தான் பாடம் நடத்துகிற முறையையே தலைகீழாக மாற்றிக்கொண்டார். வகுப்பில் கருத்துக் கேள்வி கேட்டு, மாணவர்களையே ஒருவரோடு ஒருவர் வாதாட விட்டு, அதன் பிறகு விளக்கினார். இங்கே எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா?

"இந்த மார்க்கைப் பதிவேட்டில் ஏத்திடாதீங்க டீச்சர்" என்றார் தலைமை ஆசிரியர். பத்துக்கு ஆறுதான் அதிகபட்சம், பாதிப் பேர் மூன்றுக்குக் கீழே. "மேல இருந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? இதுக்குப் பதிலா ரெண்டு ஒன் வேர்ட் டெஸ்ட் வெச்சிருக்கலாமே." சாயங்காலம் ஓர் அம்மா போன் செய்தார். டியூஷனில் 70-க்குக் குறையாமல் எடுக்கிற பிள்ளை உங்கள் டெஸ்டில் மட்டும் எப்படி மூன்று வாங்கினாள், ஏதும் கோபமா என்று கேட்டார். அவரையும் நான் குறை சொல்லமாட்டேன். மார்க் என்பதைத் தவிர பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்க்க அவருக்கு வேறு ஜன்னலை நாம் திறந்து வைக்கவே இல்லையே!

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் கேள்வித்தாளை எடுத்துப் பாருங்கள். அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75 மார்க். அதில் ஒரு மார்க் கேள்வி 12, மற்றதெல்லாம் இரண்டு, நான்கு, ஏழு மார்க் கேள்விகள். எப்படிச் சுற்றி வந்தாலும் பெரும்பகுதி புக் பேக்கில், அதாவது பாடத்தின் கடைசியில் இருக்கிற கேள்விகளில் போய்த்தான் விழும். ஜனவரி வந்தால் மெல்லக் கற்போருக்கு மினிமம் மெட்டீரியல் என்று பத்துப் பக்கம் ஜெராக்ஸ் வந்துவிடும். எந்த ஏழு மார்க் கேள்வியை நெட்டுரு போட்டால் பாஸ் ஆகலாம் என்று வரிசைப்படுத்திக் கொடுத்திருப்பார்கள். தேர்வு முடிந்த மறுநிமிடம் பள்ளி வாசலில் மைக்கை நீட்டுவார்கள். எல்லாம் புக் பேக்கில் இருந்துதான் வந்துச்சு, ஈஸியா இருந்துச்சு என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஒரே ஒரு கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டுவிட்டால் போதும், ட்விஸ்ட் பண்ணிட்டாங்க, கருணை மதிப்பெண் கொடுங்கள் என்று பெரியவர்களே கிளம்பிவிடுவார்கள். யோசிக்க வைத்ததற்கு நஷ்ட ஈடா கேட்பது?

புத்தகத்தையும் குறை சொல்லிவிட முடியாது. 2019-ல் வந்த புதுப் புத்தகத்தில் செயல்பாடுகள் இருக்கின்றன, பாடத்தின் முடிவில் உயர் சிந்தனைக்கான வினாக்கள் என்று தனியாகவே கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியை நடத்துகிற பள்ளி எத்தனை? அதெல்லாம் வராது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன் அந்தக் கோட்டை, நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

செய்முறை இன்னும் மோசம். 25 மார்க். குவிலென்சின் குவியத் தொலைவு காண வேண்டும். ரெக்கார்டு நோட்டைத் திறந்தால் எல்லாருக்கும் ஒரே அளவீடு, முந்தின வருடத்து அக்காவின் நோட்டிலிருந்து வந்தது. பல பிள்ளைகள் லென்ஸைக் கையில் பிடித்ததே இல்லை. இந்த டெஸ்டில் ஒரு கேள்வி அதைப் பற்றித்தான். லென்ஸின் பாதியைக் காகிதத்தால் மறைத்தால் பிம்பம் என்ன ஆகும்? பாதிப் பிம்பம்தான் தெரியும் என்று ஏறக்குறைய வகுப்பு முழுவதும் எழுதியிருந்தது. மறுநாள் லென்ஸை எடுத்துக்கொண்டு போய், ஜன்னலுக்கு எதிரே வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொன்னேன். வெளியே இருந்த வேப்பமரம் தாளில் தலைகீழாக, உள்ளங்கை அகலத்துக்கு, இலை அசைவது உட்பட விழுந்தது. "அய்யோ டீச்சர், மரம் ஆடுது!" என்று கடைசி பெஞ்சுப் பெண் கத்தினாள். பிறகு லென்ஸின் பாதியை மறைத்தேன். மரம் முழுசாக அப்படியே இருந்தது, வெளிச்சம் மட்டும் மங்கியது. ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருத்தி தானாகவே சொன்னாள், "அப்போ லென்ஸோட ஒவ்வொரு பக்கமும் முழு மரத்தையும் வரையுதா டீச்சர்?" ஆமாம்மா, அதேதான். கதிர்ப்படம் வரைந்து நான்கு மார்க் வாங்குகிற எத்தனை பேருக்கு இது தோன்றியிருக்கும்?

அந்தப் பெண் அலகுத் தேர்வில் 75-க்கு 31. மெல்லக் கற்போர் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. எந்த அளவுகோலை வைத்து அவளை மெல்லக் கற்பவள் என்று எழுதினோம்?

பீசா என்று 15 வயதுப் பிள்ளைகளுக்கான உலகத் தேர்வு ஒன்று உண்டு. படித்ததை வைத்து யோசிக்கத் தெரிகிறதா என்று பார்க்கிற தேர்வு. 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் அதில் கலந்துகொண்டன. இரண்டுமே பட்டியலின் அடிமட்டத்தில் நின்றன. அதற்கு நாம் செய்தது என்ன? 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. காய்ச்சல் அடிக்கிறதென்று தெர்மாமீட்டரைத் தூக்கிப் பரண்மேல் போட்ட கதைதான்.

என்னை அதிகம் சுடுவது இன்னொன்று. போன திருப்புதல் தேர்வில் நிலைமம் என்றால் என்ன என்ற இரண்டு மார்க் கேள்விக்கு ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: பஸ் பிரேக் போட்டதும் பஸ் நிற்கும், ஆனால் நம் உடம்பு போய்க்கொண்டே இருக்கப் பார்க்கும், அதனால் முன்னால் சாய்கிறோம், இப்படி இருக்கிற நிலையை விடாத குணம்தான் நிலைமம். நான் இரண்டு மார்க் போட்டேன். தாளை மறுபடி சரிபார்த்தவர் அடித்துவிட்டு அரை மார்க் போட்டிருந்தார். புறவிசை என்ற வார்த்தை இல்லையாம், விடைக்குறிப்பில் அதற்குத்தான் மார்க்காம். பக்கத்துத் தாளில் ஒருவன் வரி பிசகாமல் வரையறையை எழுதி, உதாரணம் கேட்ட இடத்தில் மரத்திலிருந்து ஆப்பிள் விழுவது என்று எழுதியிருந்தான், அது புவியீர்ப்புக்குத்தான் உதாரணம். அவனுக்கு ஒன்றரை.

புறவிசை என்ற சொல் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கலைச்சொல் வேண்டும், அது இல்லாமல் மேலே போக முடியாது. ஆனால் புரிந்தவளுக்கு அரையும் புரியாதவனுக்கு ஒன்றரையும் போடுகிற தாள் எதைத்தான் அளக்கிறது? அந்தப் பெண் அடுத்த முறை பஸ்ஸைப் பற்றி எழுதமாட்டாள். அவளுக்குப் பிழைக்கத் தெரியும். வரையறையை நெட்டுரு போட்டுக்கொண்டு வந்து இரண்டு வாங்கிவிடுவாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவளுக்குத் தோன்றியதே அந்த எண்ணம், அதை அவளே துடைத்துப் போட்டுவிடுவாள். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எழுந்து நின்று கேட்ட அந்தப் பையனுக்கு அன்றைக்கு, "நெஜமாவே எழுதுடா" என்று சொன்னேன். சாக்பீஸ் கேள்விக்குக் கீழ்நோக்கி ஒரே ஒரு அம்பு போட்ட ஐந்து பேரில் அவனும் ஒருவன். மார்ச்சில் அவன் முன்னால் வைக்கப் போகிற கேள்வித்தாளில் அந்த அம்புக்கு இடம் எங்கே இருக்கிறது? பாடத்துக்கு ஒன்று, வேண்டாம், இயற்பியல் முழுவதற்கும் ஒரே ஒரு நான்கு மார்க் கேள்வியாவது இப்படிக் கேளுங்கள். திருத்த நேரம் போதாது என்பார்கள், ஆசிரியர்களே விடையில் ஒத்துப்போகமாட்டார்கள் என்பார்கள். எங்களுக்கும் சேர்த்தே அந்தத் தேர்வை வையுங்கள். முதல் ஆளாக நான் வந்து உட்கார்கிறேன்.