படிக்கட்டில் விளக்கில்லாததற்கு விதி என்று பெயர் வைக்காதீர்கள்

எங்கள் தொடர்மாடியில் ரீச்சர் படிக்கட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து இன்றுடன் 11 நாட்கள் ஆகின்றன. இந்த 11 நாட்களில் விதி, தலையெழுத்து, ஊழ்வினை, கண்டம், ஏழரைச் சனி என்று எத்தனை சொற்கள் உண்டோ அத்தனையையும் ஆறு மாடிகளிலும் கேட்டுவிட்டேன். மின்குமிழ் என்ற சொல்லை மட்டும், நானாக எடுத்துச் சொல்லும்வரை, ஒருவரும் சொல்லவில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் கட்டடம் இருக்கிறது. லிப்ட் பழுதாகி இரண்டு மாதங்களாகிவிட்டன. திருத்துவதற்கு யார் கேட்கும் தொகையை ஏற்பது என்று முகாமைத்துவக் குழுவுக்குள் இன்னும் இழுபறி. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையிலுள்ள படிக்கட்டுத் திருப்பத்தில் மின்குமிழ் எரிந்துபோய் மூன்று வாரங்களாகியிருந்தன. அதே திருப்பத்தில் ஒரு படியின் சீமெந்து விளிம்பு உடைந்து கிடப்பது எத்தனை காலமாக என்று எவருக்கும் நினைவில்லை. நான்காம் மாடியில் தனியாக வசிக்கும் ரீச்சருக்கு வயது 74. யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்தவர். பிள்ளைகள் இருவரும் கனடாவில். அந்த வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் பூசை பார்த்துவிட்டு வந்தவர், ஒரு கையில் அர்ச்சனைப் பையும் மறுகையில் கைப்பிடியுமாக ஏறும்போது, இருட்டில் அந்த உடைந்த விளிம்பில் கால் வைத்தார். அந்தத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்பதால் பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் இருத்தி நான்கு இளைஞர்கள் அவரைத் தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் அவர் "முருகா" என்றது இன்னும் என் காதில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. இனியாவது உண்மையைப் பேசுவார்கள் என்று நம்பிப் போனேன். தேவாரம் பாடாமல் கூட்டத்தைத் தொடங்காத எங்கள் தலைவர், "அவவின்ர விதி அப்பிடி இருந்திருக்கு, எழுதினதை ஆர் அழிக்க ஏலும்?" என்றார். "ஊழிற் பெருவலி யாவுள" என்று திருக்குறளையும் சாட்சிக்கு அழைத்தார். இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த விடயம் தண்ணீர்த் தாங்கி. ஒரு மனுசியின் இடுப்பெலும்பு நான்கு நிமிடங்களில் பேசி முடிக்கப்பட்டுவிட்டது.

நான் நாத்திகன் அல்லன். சைவ வீட்டில் பிறந்து, திருநீறு பூசி, வினை உண்டு, உயிர் உண்டு, மறுபிறப்பு உண்டு என்று நம்பி வளர்ந்தவன். அதனால்தான் எனக்கு இத்தனை கோபம் வருகிறது. கடவுளை மறுப்பவன் விதியைப் பழித்தால் அது அவனுடைய வழக்கம் என்று தள்ளிவிடலாம். சைவன் ஒருவன் தன் சமயம் சொல்லியதில் பாதியை மறைத்துவிட்டு மீதிப் பாதியால் அடுத்தவரின் வாயை அடைப்பதை என்னால் பொறுத்துக்கொண்டிருக்க முடியாது.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுத்துச் சொல்கிறது. பல பிறவிகளில் ஈட்டிச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இந்தப் பிறவியில் அனுபவிப்பதற்கென வந்தது பிராரத்தம். அதை அனுபவிக்கும்போதே நாம் நினைத்தும் பேசியும் செய்தும் புதிதாக ஈட்டிக்கொள்வது ஆகாமியம். பாடசாலையில் சைவநெறி படித்த எவருக்கும் இது தெரியும். ரீச்சர் விழுந்தது அவருடைய பிராரத்தம் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று வாரங்களாகக் குமிழை மாற்றாமல் இருந்தவர்களின் ஆகாமியம் எங்கே போயிற்று? ஒருவருடைய பழைய வினை எந்தக் கையின் வழியாக வந்து சேர்கிறதோ, அந்தக் கைக்கு அது புதிய வினையாகிறது என்பதுதானே கணக்கு? கணக்கின் ஒரு பக்கத்தை மாத்திரம் உரத்து வாசித்து மறு பக்கத்தைக் கையால் மூடுகிறவர், ரீச்சரின் வகுப்பில் இருந்திருந்தால் பூச்சியம்தான் வாங்கியிருப்பார்.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் சிவஞானபோதத்தை அருளினார். அந்த மரபில் வினை சடம். தானாக எழுந்து போய் எவரையும் பற்றிக்கொள்ளும் அறிவு அதற்குக் கிடையாது, இறைவனே அதை உரியவருக்குக் கூட்டுகிறான். உயிரோ சடமன்று. அதற்கு அறிவும் இச்சையும் செயலும் இயல்பாகவே உண்டு. ஆணவ மலம் என்ற அழுக்கு அவற்றை மறைத்திருக்கிறதே தவிர இல்லாமற் செய்துவிடவில்லை. உயிருக்குச் செயலே இல்லையென்றால் சரியை என்ற திருத்தொண்டு எதற்கு, கிரியை என்ற பூசை எதற்கு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்கு நடப்பது எதற்கு? எல்லாமே முன்னரே முடிந்தது, முயற்சிக்குப் பலனில்லை என்று சொன்ன ஒரு சமயம் உண்மையிலேயே இருந்தது. புத்தர் காலத்து மக்கலி கோசாலரின் ஆசீவகம் அது. எறிந்த நூலுருண்டை நூல் தீரும்வரை அவிழ்ந்து உருள்வதுபோல மூடனும் அறிஞனும் பிறவிகளில் உருண்டு தீரவேண்டியதுதான் என்பது அவருடைய கொள்கையாக சாமஞ்ஞபல சுத்தம் என்ற பௌத்த நூலில் பதிவாகியிருக்கிறது. புத்தர் அதை மறுத்தார், மகாவீரர் மறுத்தார், நம்முடைய அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் ஆசீவகரை மறுத்து எழுதினார். நம் ஆசாரியர்கள் வாதிட்டு மறுத்த கொள்கையைத் தேவாரத்தோடு தொடங்கிய கூட்டத்தில் சைவம் என்று சொல்லி விற்கிறார்கள்.

குறளைப் பற்றியும் ஒரு சொல். "ஊழிற் பெருவலி யாவுள" என்று 38ஆம் அதிகாரத்தில் எழுதியவர்தான், ஆள்வினையுடைமை என்ற 62ஆம் அதிகாரத்தில், தளராமல் தாழாது முயல்கிறவர் "ஊழையும் உப்பக்கம் காண்பர்" என்றும் எழுதினார். ஊழைப் புறமுதுகு காட்டி ஓடச் செய்வார்கள் என்பது அதன் பொருள். இரண்டையும் சேர்த்து என்ன பொருள் கொள்வது என்று உரையாசிரியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தலையை உடைத்துக்கொண்டார்கள். எங்கள் குழு அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை, 380ஆம் குறளோடு புத்தகத்தை மூடிவிட்டது.

கூட்டம் முடிந்த பின் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, ரீச்சருக்கு ஏழரைச் சனி நடப்பதாகவும் சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் எரித்தால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடியும் என்றும் கரிசனையோடு சொன்னார். அவருடைய கரிசனையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரு சிட்டி விளக்கு எண்ணெயால் திருப்பக்கூடிய விதியைப் படிக்கட்டில் ஒரு குமிழால் திருப்ப முடியாமற் போனது எப்படி? பரிகாரம் உண்டென்று நம்புகிற கணத்திலேயே விதி அசையக்கூடியது என்று ஒப்புக்கொண்டுவிட்டோம். அசையக்கூடியதாக இருந்தால், அதை அசைக்காமல் இருந்தவர்களுக்குப் பொறுப்பு உண்டு.

இது சைவர்களிடம் மட்டுமுள்ள நோய் என்று நான் சொல்லமாட்டேன். வாசலில் நிற்கும் சிங்களக் காவலாளியும் நெஞ்சில் கைவைத்து "கர்மய" என்றுதான் சொன்னார். அவர் வணங்கும் புத்தரோ, மனிதர் அனுபவிக்கும் இன்ப துன்பம் எல்லாமே முன்வினையின் பயனா என்று சீவகர் என்ற துறவி கேட்டபோது, இல்லை என்று பதிலளித்தார். பித்தம், சிலேத்துமம், வாயு, இவற்றின் கலப்பு, பருவ மாற்றம், கவனக் குறைவான நடத்தை, பிறர் தாக்குதல் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, அவற்றோடு எட்டாவதாகத்தான் வினைப்பயனை வைத்தார். சங்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் இருக்கிற செய்தி இது. வினை எட்டில் ஒன்று. கவனக் குறைவு தனியாக எண்ணப்பட்ட இன்னொன்று.

மூன்றாம் மாடி நாநாவும் "அல்லாஹ்வின் கத்ர்" என்றார். கத்ரை, அதாவது இறைவன் வகுத்த விதியை, நம்புவது அவர்களுடைய ஈமானின் ஆறு கடமைகளில் ஒன்று, அதை அவர் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் சொல்லிவிட்டு அவர் செய்ததைப் பாருங்கள். அன்றிரவே கடைக்குப் போய், தன் காசில் குமிழ் வாங்கி, ஸ்டூலில் ஏறி மாட்டினார். நான் நன்றி சொன்னபோது, ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவனை நம்பட்டுமா, கட்டிவிட்டு நம்பட்டுமா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டு நம்பு என்று நபிகள் சொன்ன ஹதீஸை எனக்குச் சொன்னார். கத்ரை நம்பிய மனிதர்தான் அந்தக் குமிழைப் போட்டார். ஆகவே என் வழக்கு நம்பிக்கையோடு அல்ல.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் அக்காவின் மகன் வேறொரு கதை சொன்னான். மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட ஆய்வின்படி, விரலை அசைக்கப் போகிறோம் என்று நாம் உணர்வதற்கு மூன்றிலொரு செக்கனுக்கு முன்னரே மூளையில் அதற்கான ஆயத்தம் தொடங்கிவிடுகிறதாம், ஆகவே சுயவிருப்பம் என்பதே மாயையாம், மாமா. அந்த லிபெட்டே, எழுந்த உந்துதலைக் கடைசிக் கணத்தில் தடுக்கும் ஆற்றல் மனதுக்கு உண்டு என்று கருதினார் என்பதை அவனுக்குச் சொன்னேன். விரலசைவின் மூன்றிலொரு செக்கன் மூன்று வாரங்களுக்குப் பதிலாகாது. அந்த மூன்று வாரங்களில் இரண்டு தடவை எழுத்தில் முறைப்பாடு போயிருந்தது. வாசித்தார்கள், மடித்து வைத்தார்கள்.

இந்த நகரத்துக்கு இது சின்ன விடயமும் அல்ல. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடி முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்தக் குப்பைக்கு எதிராக அங்கு வாழ்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வீதியில் இறங்கிக் கத்தியிருந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பிள்ளையை இழந்த தாய் "ஆண்டவரின் சித்தம்" என்று சொன்னால், அவள் முன் நான் தலைகுனிந்து நிற்பேன். அந்தச் சொல் அவளைத் தாங்குகிறது. அதே சொல்லை, முன்னெச்சரிக்கை கையில் கிடைத்தும் சும்மா இருந்தவர்கள் சொல்ல முடியுமா? 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவர்கள் கடமை தவறினார்கள் என்று தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. அங்கே சித்தம் என்ற வாதம் எடுபடவில்லை.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான்: விதி எப்போதும் அடுத்தவருடைய துன்பத்துக்கே வருகிறது. தலைவரின் மகன் உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ எடுத்தபோது விதி என்று அவர் சொல்லவில்லை, "இரவு பகலாய்ப் படிச்சவன்" என்றார். பராமரிப்புக் கட்டணம் ஒரு கிழமை பிந்தினால் எங்கள் விதி என்று விடுவதில்லை, தண்டப்பணம் போடுகிறார்கள். பணம் கட்டாதவனுக்குச் சுயவிருப்பம் உண்டு, குமிழ் மாற்றாதவனுக்கு இல்லை என்று எந்தச் சாத்திரம் சொல்கிறது?

நானும் அந்த மூன்று வாரங்கள் அதே திருப்பத்தைக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் கடந்து போனவன். முறைப்பாட்டில் ஒப்பமிட்டதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு குமிழ் வாங்க என்னிடமும் காசு இருந்தது. அது என் ஆகாமியம், அதை எவர் தலையிலும் எழுதிவிட நான் நினைக்கவில்லை.

நேற்று வைத்தியசாலைக்குப் போனேன். சத்திரசிகிச்சை முடிந்து, தலையணையில் சாய்ந்திருந்த ரீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ர விதி, தம்பி, ஆரையும் நோகாதேங்கோ" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த உடம்பின் வலியை அனுபவிக்கிற அவருக்கு அதை எந்தப் பெயரால் அழைக்கவும் உரிமை உண்டு. பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தவர், "அந்தப் படியைக் கட்டியாச்சோ? ஐஞ்சாம் மாடிப் பிள்ளையள் ஓடி இறங்குறவை" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. இதை எழுதுகிற இந்த இரவிலும் விளிம்பு உடைந்தபடியேதான் இருக்கிறது. நாளைக் காலை ஒரு மேசனை வரச்சொல்லியிருக்கிறேன். பற்றுச்சீட்டை முகாமைத்துவக் குழுவின் பெயருக்கு எடுப்பேன்.