சால்வை மேடையில் இல்லாதவர்களுக்கு

எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசிக் கட்டமான ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடியப் போகிறது. பேட்ச் குழுவில் இப்போது ஒரே பேச்சு: எந்த சீஃபுக்குச் சால்வை, எந்த யூனிட்டில் கேக், குரூப் போட்டோவுக்கு என்ன கலர் சட்டை. பேராசிரியர்களுக்கு மரியாதை செய்ய வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் அந்த மேடையோடு நம் நன்றி முடிந்துபோவதில் எனக்குச் சம்மதமில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவான கேஷுவாலிட்டியில் நைட் டூட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி பேதியில் வற்றிப்போய் வரும் பாட்டியின் கையில் நரம்பே தெரியாது. "கண்ணால தேடாதீங்க டாக்டர், விரலால தேடுங்க" என்று பக்கத்தில் வந்து நின்றவர் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர். முழங்கைக்குக் கீழே கட்டுப் போட்டு, கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் தடவச் சொன்னார். அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்பும் இடம் ஒன்று விரலில் தட்டுப்படும். டிரிப்ஸ் ஏற்றப் போடும் வென்ஃப்ளான் ஊசிக்குழாயில் ரத்தம் எட்டிப் பார்த்ததும் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக்கை மட்டும் உள்ளே நகர்த்த வேண்டும். இது புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் பின்னிரவில், வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது, பதறாமல் செய்யச் சொல்லிக்கொடுத்தது அந்த சிஸ்டர்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து திருக்கை மீனின் முள் குத்தி வருகிறவர்கள் வலியில் துடிப்பார்கள். ஊசி மருந்து எடுப்பதற்குள் வெந்நீர் வாளியோடு வந்து நின்றுவிடுவார் ஓர் அக்கா. ஒப்பந்தத்தில் வேலை செய்பவர், மீனவர் வீட்டுப் பெண். குத்தின காலை நேரே முக்கவிட மாட்டார். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும் என்று நல்ல காலை முதலில் வைத்துப் பார்க்கச் சொல்வார். திருக்கையின் விஷம் சூட்டில் வீரியம் இழக்கும் புரதம், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீர் வலியை இறக்கும் என்பதையெல்லாம் நான் அப்புறம்தான் படித்தேன்.

நம் வடசென்னைப் பகுதிக்கே பெருமை சேர்த்த ஒரு துறையைப் பாருங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைப் பிரிவை டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-ல் தொடங்கினார். துறைமுகமும் மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளும் இருக்கிற ஊரில் விரல் நசுங்கி வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைத் தைத்ததோடு கை திரும்ப வந்துவிடாது. தைத்த இடம் சுற்றிலும் ஒட்டிக்கொண்டால் விரல் மடங்காது. வாரக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி நீட்ட வைப்பவர் தெரபிஸ்ட். ஆபரேஷன் செய்தவரைக் கும்பிடுகிற குடும்பத்துக்கு அவர் பெயர்கூடத் தெரியாமல் போவதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். "எல்லோருக்கும் நன்றி" என்று ஒரு வரி ஸ்டேட்டஸ் வேண்டாம். யார், என்ன சொல்லிக்கொடுத்தார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். நைட் டூட்டியில் நம்மைத் தூங்க அனுப்பிவிட்டு வார்டைப் பார்த்துக்கொண்ட, மேற்படிப்பு படிக்கும் பிஜி அண்ணன், அக்காக்களையும் விட்டுவிடாதீர்கள். எழுதியதை அவர்கள் கையில் ஒன்று கொடுங்கள். இன்னொன்றை அவர்களுடைய மேலதிகாரியிடம் சேருங்கள்: சிஸ்டர் என்றால் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட், ஒப்பந்த ஊழியர் என்றால் நிலைய மருத்துவ அலுவலரான ஆர்.எம்.ஓ.வின் அலுவலகத்தோடு அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் ஒரு நகல். ஒரு ஸ்வீட் பாக்ஸ் அன்றைக்கே தீர்ந்துவிடும். வேலையைப் புதுப்பிக்கும் நேரத்தில் ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் அந்த அக்காவுக்கு எவ்வளவு பலம் என்று யோசியுங்கள்.

நான் ஐந்து கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் எழுதுவதாக இருந்தால் கமென்டில் சொல்லுங்கள். பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூஸ் சான்று வாங்க அலையும் அதே வாரத்தில், எல்லாக் கடிதத்தையும் சேர்த்து ஒன்றாகப் போய்க் கொடுத்துவிடலாம்.