நியான் டெட்ராவுக்கு மதுரை வெயில் ஒத்துவராது
வெப்பமண்டல மீன் என்பதால் நியான் டெட்ரா மதுரை வெயிலைத் தாங்கும், தொட்டிக்கு ஒரு ஜோடி போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு. அமேசான் காட்டின் நிழல் விழும் சிற்றோடைகளில் வாழும் மீன் அது. 22 முதல் 26 டிகிரிதான் அதற்கு இதம். சித்திரை, வைகாசியில் நம் வீடுகளில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீனுக்கோ அப்போதுதான் அது அதிகம் தேவை. மூடிக்குப் பதில் வலையைப் போட்டு, நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிடுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தயவுசெய்து ஐஸ்கட்டிகளைக் கொட்டாதீர்கள், திடீர் மாற்றம் இன்னும் கொடியது.

ஆறு மீன்களாவது வேண்டும், பத்து இருந்தால் நல்லது. இரண்டை மட்டும் விட்டால் மிரண்டு மூலையில் ஒடுங்கி, நிறம் வெளிறிவிடும்.