கிலோமீட்டருக்கு 5 ராண்ட்

திருட்டுப் போன விளக்கைத் தேட நான் அமர்த்திய துப்பறிவாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில்லை மூன்றாவது முறையாகப் படிக்கிறேன். 'கண்காணிப்புப் பயணம், 32 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 5 ராண்ட், ஆக 160 ராண்ட்.' இப்படி ஒன்பது வரிகள். ஒன்றில் 28 கிலோமீட்டர், இன்னொன்றில் 40. எல்லாமே விடியற்காலை நாலரை மணிக்குத் தொடங்கியவை. திருடனைத் தேடுகிறவர் எவராவது வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவாரா? காரில் போயிருந்தாலும் பெட்ரோல் செலவு என்று பொறுத்துக்கொள்வேன். இந்த மனிதர் ஓடியிருக்கிறார்! ஜூன் மாதக் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டப் பந்தயத்துக்கு அவர் எடுத்த பயிற்சிக்கு இத்தனை நாளும் நான் படியளந்திருக்கிறேன்.

தென் ஆப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, கரும்புக் காட்டுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் ஆள் யாரென்று வெருலம் முதல் ஸ்டாங்கர் வரை தெரிந்துவிடும். அவர் தொழில்முறை ஓட்டக்காரர். ஒரு கம்பெனி காலணி கொடுக்கிறது, மாதாமாதம் ஏதோ கொஞ்சம் பணமும் கொடுக்கிறது. அது போதாமல் பகுதிநேரத் துப்பறிவாளராகவும் இருக்கிறார். இரண்டாவது வேலை பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடி உயிரை விட்டாலும், தங்கப் பதக்கம் ஆண்களில் முதல் 10 பேருக்கும் பெண்களில் முதல் 10 பேருக்கும்தான். பதினோராவதாக வருகிறவரும் வயிற்றைக் கழுவ வேண்டுமே. ஆனால் கழுவுவதற்கு என் பணம்தானா கிடைத்தது?

தைப்பூசத்தன்று நாங்கள் காவடிக்குப் போயிருந்த நேரத்தில் பின்பக்க ஜன்னலை உடைத்துப் பூஜை அறையில் இருந்த பித்தளைக் குத்துவிளக்கு ஜோடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தொலைக்காட்சியைத் தொடவில்லை. பித்தளைதான் வேண்டும், உருக்கி விற்க. பழைய உலோகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று அரசு 2022 நவம்பர் 30 அன்று தடை போட்டதே, அதனால் என் பூஜை அறைக்கு என்ன லாபம்? பாட்டி கரும்புத் தோட்டக் கூலியில் சேர்த்து வாங்கிய விளக்கு அது. ஒன்றின் உச்சியில் இருக்கும் அன்னத்துக்குக் கழுத்து உடைந்து தாத்தா ஈயம் வைத்து ஒட்டியிருப்பார். ஆயிரம் விளக்குக்கு நடுவே வைத்தாலும் தடவிப் பார்த்தே எடுத்துவிடுவேன். காவல் நிலையத்தில் புகார் கொடுத்த ஒரு மணி நேரத்தில் வழக்கு எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அந்த எண் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

அப்போதுதான் இவரைப் பற்றிச் சொன்னார்கள். 'நம்ம பிள்ளை, ஆன்ட்டி, ஓடிப் பிடித்துவிடுவான்.' நானும் 3,000 ராண்ட் முன்பணத்தை எண்ணிக் கொடுத்தேன். மதி கெட்டது அங்கேதான்.

மறைந்து நின்று பார்ப்பதுதானே துப்பறிவாளர் வேலை? ஊரிலேயே எல்லோருக்கும் தெரிந்த முகத்தை வைத்துக்கொண்டு இவர் எங்கே மறைவது? சந்தேகப்பட்ட பையனின் வீட்டுக்கு எதிரே மாமரத்தடியில், ஒளிரும் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, 'இந்த வருஷம் எத்தனை மணி நேரத்தில் முடிப்பீர்கள்?' என்று கேட்டிருக்கிறார்கள். கடைசியில் அந்தப் பையனே வெளியே வந்து, இவர் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்திருக்கிறான். இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தச் செல்ஃபியைத்தான் எனக்கு 'ஆதாரம்' என்று அனுப்பினார்! கீழே ஒரு வரி: 'சந்தேக நபர் மாலை 5.40க்கு வீட்டில் இருந்தார்.' படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, பின்னால் வெள்ளைப் பிக்கப் வண்டி, அதன்மேல் தார்ப்பாய். தார்ப்பாய்க்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்டேன். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம்.

பழைய பொருள் வாங்குகிற கடைக்காரர், விற்க வந்தவரின் அடையாளத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பதிவேட்டைக் காட்டு என்று கேட்கும் அதிகாரம் போலீசுக்கு உண்டு, இவருக்குக் கிடையாது. தனியார் துப்பறிவாளருக்கு என்னைவிடக் கூடுதலாக ஒரு அதிகாரமும் இல்லை என்பதை முதல் நாளே சொல்ல வேண்டாமா? நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். கூலிக்குத் துப்பறிகிறவர் பிசிராவில், அதாவது தனியார் பாதுகாப்புத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தில், பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் அப்படித் தெரிந்துகொண்டதுதான், 2001ஆம் ஆண்டுச் சட்டம். அட்டை எங்கே தம்பி என்றேன். 'வந்துகொண்டிருக்கிறது, ஆன்ட்டி.' தகுதி நேரத்துக்குள் ஒரு மாரத்தான் ஓடிக் காட்டாமல் காம்ரேட்ஸில் தொடக்கக் கோட்டருகே நிற்கக்கூட விடமாட்டார்கள். அந்தக் காகிதம் மட்டும் நேரத்துக்கு வந்துவிடும், இல்லையா?

பெரிய வெள்ளியன்று கோவிலில் தீமிதி பார்க்க நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள், பெயர்கூட எனக்குத் தெரியாது, குனிந்து காதில் கேட்கிறார்: 'விளக்கு கிடைத்ததா? அந்த வெள்ளைப் பிக்கப் பையன்தானாமே?' நான் என் தங்கையிடம்கூட வாய் திறக்கவில்லை. ஓட்டக்காரர்கள் கூட்டமாக ஓடும்போது மூச்சு வாங்கப் பேசிக்கொண்டே போவார்களாம். என் வீட்டுக் கதை எந்த மேட்டில் ஏறி எந்தப் பள்ளத்தில் இறங்கியதோ. அந்தப் பையன் நிரபராதியாக இருந்தால் அவன் அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

காம்ரேட்ஸில் 12 மணி நேரம் முடியும் கணத்தில், ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஒருவர் துப்பாக்கியை வெடிப்பார். திரும்பிப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அதற்கு ஒரு விநாடி பிந்தி வந்தாலும் பதக்கம் கிடையாது. அந்த ஒரு விநாடியின் விலை தெரிந்த மனிதர் என்னிடம் சொன்னது, 'இரண்டு வாரத்தில் அறிக்கை தருகிறேன்.' இது பதினோராவது வாரம். அறிக்கை இல்லை, பில் இருக்கிறது.

இன்று காலை இன்னொரு செய்தி. 'ஆன்ட்டி, ஓட்டத்தன்று டிரம்மண்டில் வந்து நில்லுங்கள், பாதித் தூரத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தால் தெம்பாக இருக்கும்.' கட்டாயம் வருகிறேன், தம்பி. பில்லை எல்லோருக்கும் தெரிகிற அளவில் பெரிதாகப் பிரிண்ட் எடுக்கச் சொல்லிக் கடையில் கொடுத்திருக்கிறேன்.