நிக்சன் பொத்தானை அழுத்தியிருந்தால்?
"இப்படி நடந்திருந்தால் அப்படி ஆகியிருக்கும்" போன்ற வாக்கியங்கள் எப்போது உண்மை என்பதைப் பற்றிய கட்டுரை, தத்துவவாதி டேவிட் லூயிஸின் கொள்கையை "அப்படி நடந்த கற்பனை உலகங்களில் நம் உலகத்துக்கு மிக நெருங்கிய, அதாவது மிகவும் ஒத்த, உலகத்தில் என்ன நடக்கும் என்று பார்த்தால் போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. 1975-இல் இன்னொரு தத்துவவாதியான கிட் ஃபைன் எழுப்பிய கேள்வி விடுபட்டிருக்கக் கூடாது. அமெரிக்க அதிபராக இருந்த நிக்சன் அணு ஆயுதப் பொத்தானை அழுத்தியிருந்தால் அணு ஆயுதப் போர் மூண்டிருக்கும், சரி. ஆனால் அழுத்தியும் கம்பிக் கோளாறால் ஒன்றுமே நடக்காத உலகம்தானே நமக்கு இன்னும் நெருக்கம்? அப்படியானால் லூயிஸின் கொள்கைப்படி போர் மூண்டிருக்காது என்றல்லவா ஆகும்? 1979-இல் லூயிஸ் பதில் சொன்னார்: அச்சு அசலாக நம் உலகம் போல ஆக வேண்டுமென்றால் பொத்தானில் பதிந்த கைரேகை, நிக்சனின் நினைவு எல்லாமே அழிய வேண்டும்; அதற்கு இயற்கை விதிகள் பல இடங்களில் மீறப்பட வேண்டும்; ஆகவே அந்த உலகம் நமக்கு நெருக்கமானதல்ல. அற்புதமான வாதம். ஆனாலும் எது நெருக்கம் என்பதையே நமக்கு முன்பே தெரிந்த விடைகளிலிருந்துதான் அவர் எடுக்கிறார். அப்படியானால் விடை தெரியாத கேள்விக்கு இந்த அளவுகோல் எப்படி உதவும்? கட்டுரையாளர் இதைப் பற்றியும் எழுத வேண்டும்.