நாய் படமா? ஆளை விடுங்க!

சனிக்கிழமை ராத்திரி ஆனா போதும், எங்க பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டுல "ஒரு நாய் படம் போடு"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. காசு கட்டி அழறதுக்கு இவ்வளவு ஆசையா?

ஹாச்சியை எடுத்துக்குங்க. 1925-ல எசமான் செத்துட்டாரு, 1935-ல சாகுற வரைக்கும் ஷிபுயா ஸ்டேஷன்ல காத்துக் கிடந்துச்சு. சரி, ஜப்பான்ல நடந்த நெசக் கதை, விட்டுடலாம். 2009-ல ரிச்சர்ட் கியரை வச்சு அதே கதையை அமெரிக்காவுக்குத் தூக்கிட்டுப் போனாங்களே, அங்கயாவது பொழைக்க விட்டாங்களா? 'மார்லி அண்ட் மீ' சிரிப்பா ஆரம்பிக்கும், கடைசியில ஊசி. '777 சார்லி'க்குப் புற்றுநோய். இதையெல்லாம் "குடும்பத்தோடு பார்க்க"ன்னு ஒரே வரிசையில அடுக்கி வச்சிருக்கான் புண்ணியவான்!

அம்மா முந்தானையில மூக்கைச் சிந்துவாங்க. அப்பாவுக்கு மட்டும் எப்பவும் கண்ணுல தூசி. எங்க வீட்டு நாய் பிரவுனி? படத்துல காலிங் பெல் அடிச்சா எங்க வாசலுக்கு ஓடிப்போய் குரைக்கும், பக்கத்து வீட்டு ஆன்ட்டி விளக்கைப் போட்டு எட்டிப் பார்ப்பாங்க. திரையில ஹீரோ நாய் உசுரு போற நேரம் பார்த்து இது முறுக்கு டப்பாவுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு கடகடன்னு உருட்டும். வசனம் ஒண்ணும் கேக்காது. கேட்டுத்தான் என்ன ஆகப்போகுது, எப்படியும் சாகத்தானே போகுது!

'ஓ மை டாக்' சந்தோஷமா முடியுதே, அதைப் போடலாம்னேன். தங்கச்சி மூஞ்சியைச் சுளிக்கிறா: "அதுல அழுகையே வராதுண்ணே!"