ஷாஃப்ட்டை ராத்திரி முழுக்க வினிகர்ல ஊறப் போடாதீங்கய்யா!

கோல்ஃப் கிளப் ஷாஃப்ட்ல, அதாவது மட்டையோட நீளத் தண்டுல, துரு பிடிச்சிருக்குன்னு யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "வினிகர்ல ஒரு ராத்திரி ஊறப் போடு, காலைல பளபளன்னு ஆயிடும்." துரு போகும், இல்லேங்கல. கூடவே முலாமும் கிளம்பிடும். கொஞ்ச நாள்ல முன்னைவிட மோசமா துரு பூத்து நிக்கும்போது, யோசனை சொன்ன புண்ணியவானைத் தேடினா ஆளே இருக்க மாட்டார்.

ஸ்டீல்னாலே எவர்சில்வர்ங்கற நினைப்புலதான் பாதி கூத்து நடக்குது. ஸ்டீல் ஷாஃப்ட்ல பெரும்பாலானது துருப்பிடிக்கக்கூடிய எஃகுக் குழாய். அது மேல நிக்கல், நிக்கலுக்கு மேல ரொம்ப ரொம்ப மெல்லிசா குரோம். மினுமினுப்பு குரோமோடது, காவல் வேலை பாக்கறது முக்கியமா நிக்கல். இந்தப் பூச்சுல ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாப் போதும், ஈரம் உள்ள இறங்கிடும். நிக்கலும் இரும்பும் ஈரத்துல ஒட்டிக்கிட்டு இருந்தா அரிபடறது இரும்புதான். மேல ஒரு செம்புள்ளி தெரியுதுன்னா, அடியில குழி தோண்ட ஆரம்பிச்சாச்சு.

இப்ப அந்த ஓட்டை வழியா வினிகரை எட்டு மணி நேரம் உள்ள விட்டா என்ன ஆகும்? அமிலத்துக்குத் துரு வேற, நல்ல இரும்பு வேறன்னு தெரியாது. ரெண்டையும் தின்னும். முலாமுக்கு அடியில பிடிமானம் போய், ஓரம் செதில் செதிலா உரியும்.

இன்னொரு கூட்டம் உப்புத்தாளோட வரும். 400 நம்பர் தாளைப் போட்டுத் தேய்ச்சா துரு இருந்த இடம் மட்டுமா தேயும்? சுத்தி இருக்கற நல்ல முலாமும் சேர்ந்து வழிச்சுக்கிட்டுப் போகும். மூணாவது கூட்டம்தான் ஆபத்து: கழிவறை கழுவற ஆசிட்! அதுல ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தா குரோமையே கரைச்சிடும். அமிலம் இரும்போட சேரும்போது வர்ற ஹைட்ரஜன், உறுதியேத்தின எஃகுக்குள்ள புகுந்து அதை மொறுமொறுன்னு ஆக்கிடும் அபாயமும் இருக்கு. ஓங்கி வீசும்போது ஒடிஞ்சு, கிளப்போட தலை பறந்து போய் யார் மேலயோ விழுந்தா? அந்த ஆசிட்டோட பிளீச்சைக் கலக்கற மகானுபாவர்களும் உண்டு. வர்றது குளோரின் வாயு, சாமி. மூச்சு நின்னுடும்.

மேலாகப் படிஞ்ச துருவுக்கு இவ்வளவு வன்முறை எதுக்கு? சோப்புத் தண்ணியில கழுவித் துடைங்க. உள்ளங்கை அளவு அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, தண்ணியில நனைச்சு, லேசா அழுத்தித் தேய்ங்க. அலுமினியம் குரோமைவிட ரொம்ப மிருது, அதனால கீறல் விழாது. கருப்பும் பழுப்புமா ஒரு சேறு கிளம்பும். அதைத் துணியால அப்பப்ப துடைச்சுடணும், அதையே போட்டு அரைச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. படிப்படியா சன்னமாகற ஷாஃப்ட்னா ஒவ்வொரு படியோட விளிம்பிலயும் துரு உக்காந்திருக்கும், ஃபாயிலை மடிச்சு அதோட முனையால அங்க தேய்ங்க. கம்பெனி ஸ்டிக்கருக்கு அடியிலயும் ஈரம் தங்கும், பழைய ஸ்டிக்கர்னா உரிச்சுப் பாத்துடறது நல்லது.

அப்பவும் போகலைன்னா வினிகரைத் தொடுங்க, வேண்டாம்னு சொல்லல. 5 சதவீத வினிகர்ல துணியை நனைச்சு அந்த இடத்துல மட்டும் சுத்தி, 10 நிமிஷத்துல எடுத்துட்டு மறுபடி ஃபாயில். முடிஞ்சதும் ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா கலந்து துடைச்சு, நல்ல தண்ணியில அலசி, சொட்டு ஈரம் இல்லாம காய வைங்க. இந்தக் கடைசிக் கட்டத்தை எவனும் சொல்றதே இல்ல. மிச்சம் இருக்கற அமிலம் அன்னிக்கே அடுத்த துருவை ஆரம்பிச்சு வச்சிடும். ஸ்டீல் வூல் (இரும்பு நார்) எடுத்தா ரொம்ப மெல்லிசான 0000 நம்பர் மட்டும், அதுவும் எண்ணெய் தொட்டு. அதோட இழை ஒண்ணு ஒட்டிக்கிட்டு நின்னாலும் அதுவே துருப்பிடிச்சு உங்களை ஏமாத்தும்.

காய வைக்கறேன்னு கொதிக்கற காத்து அடிக்கற ஹீட் கன்னைப் பிடிக்கறது அடுத்த கொடுமை. ஷாஃப்ட்டும் தலையும் ஒட்டியிருக்கறது எப்பாக்ஸி பசையில, சூடு பட்டா இளகிடும். அந்த மூட்டுல இருக்கற கருப்பு பிளாஸ்டிக் வளையத்துல அசிட்டோன் படக் கூடாது, கரையும். எண்ணெய் ஸ்ப்ரே ரப்பர் கிரிப்ல, அதான் கைப்பிடியில, படக் கூடாது, வழுக்கும். இதையெல்லாம் சொல்லாம "ஸ்ப்ரே அடி, முடிஞ்சுது"ன்னா எப்படி? ஸ்ப்ரே ஈரத்தை விரட்டும், அவ்வளவுதான். நின்னு காக்கறதுக்கு மெல்லிசா கார் மெழுகு பூசித் துடைக்கணும்.

சுத்தம் பண்ணின இடத்துல நகத்தை ஓட்டிப் பாருங்க. தட்டுப்பட்டா அது குழி. போன முலாம் எந்தத் தேய்ப்புலயும் திரும்பி வராது, மெழுகு பூசிக்கிட்டே ஓட்ட வேண்டியதுதான். தலைக்குப் பக்கத்துல ஆழமான குழின்னா யோசிக்காம ஷாஃப்ட்டை மாத்துங்க, அதிகமா வளைஞ்சு நிமிர்ற இடம் அதுதான்.

கிரிப்போட நுனியில இருக்கற சின்ன ஓட்டையைப் பாத்திருப்பீங்க. கிரிப் மேல பாக்கற மாதிரி கிளப்பைப் பிடிச்சுக் குழாயைத் திறந்துவிட்டா அது வழியா தண்ணி உள்ள போகும், உள்பக்கம் குரோம் கிடையாது. ஆட்டினா சலசலன்னு சத்தம் வர்றது உதிர்ந்த பசைத் துண்டாவும் இருக்கலாம், துருச் செதிலாவும் இருக்கலாம். கிரிப் மாத்தும்போது ஒரு வெள்ளைத் தாள் மேல கவுத்துத் தட்டினா தெரிஞ்சுடும். ஆனா மழையில நனைஞ்ச பையை ஜிப் போட்டு மூடி மூலையில சாத்தி வச்சுட்டு, ஷாஃப்ட் சரியில்லைன்னு கம்பெனியைத் திட்டாதீங்க!